கம்பெனி ஃபிட்டிங்

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அடையாறில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். கீழ்த்தளத்தில் அவரும் அவர் மனைவியும். அவர்களுக்கு நேர் மேலே நான். அசோசியேஷன் கூட்டத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் தண்ணீர் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வருவார். "சார், உட்காருங்களேன், பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்பேன். "நீ பேசும்மா, காதுல வுழுது" என்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் மூடியைத் திறந்து, "இந்த பேரிங் கம்பெனி பேரிங் இல்ல. எவன் மாத்தினான்?" என்று கத்துவார். மாற்றச் சொன்ன செக்ரட்டரி நான்தான். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதிலும் ஏதாவது குறை சொல்லியிருப்பார்.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வியாபாரக் கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கம்பெனிக்கு வந்த ஓர் அமெரிக்க இன்ஜினியர் தன் காரைக் கப்பலில் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஏலத்தில் எடுத்தவர் இவர். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, இடது பக்கம் ஸ்டியரிங். எங்கள் பார்க்கிங்கில் ஒன்றரை வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு அது நின்றது. அதற்காக அவருக்கு மூன்று நோட்டீஸ் அனுப்பினேன். ஒரு நாள் குனிந்து பார்த்தால், காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிற இடத்தில் மூன்று நோட்டீஸையும் வரிசையாக விரித்து வைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நானும் வண்டி விவகாரம் தெரியாதவள் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் மோட்டார் கிளைம் பிரிவில் குப்பை கொட்டியவள். அதனால்தான் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். படியில் நான் காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தால் கூடவே ஏறிவருவார், பேசிக்கொண்டே.

"அமெரிக்காக்காரன் இன்னா பண்ணான் தெரியுமாம்மா? ரேஸுக்குக் கட்டற இன்ஜின கம்பெனிலயே கட்டி, சாதா காருக்குள்ள வச்சு, கடையில வித்தான். எட்டு சிலிண்டரு, ஏழு லிட்டரு. நம்ப ஊரு காரு ஆறேழு சேத்துக் கட்டினாத்தான் அது ஒண்ணுக்கு ஆவும்."

"சரி சார், வழி விடுங்க."

"இரு, கேளு. அந்த இன்ஜினோட பவரு இன்னா கீதோ அத்தவிட கம்மியா எழுதினான் கம்பெனிக்காரன். ஏன்? இன்சூரன்ஸ்காரன் பயந்துடுவான்னு!" அப்படிச் சொல்லும்போது, அந்தக் காலத்து அமெரிக்காவில் பயந்த இன்சூரன்ஸ்காரி நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆனால் அந்த இன்ஜின் அந்தக் காருக்குள் இல்லை. அவர் மனசில் தைத்த முள் அதுதான். பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாத ஒரு காலத்தில் அதைக் கழற்றிப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு, ஏதோ ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் இன்ஜினை உள்ளே வைத்துவிட்டார். அந்த நாளில் இந்த ஊரில் பெரிய கார் வைத்திருந்த நிறையப் பேர் செய்த காரியம்தான். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். இவரால் முடியவில்லை. "என் கையால கழட்டினேன்மா. வேற எவனாவது கழட்டியிருந்தா அவனத் திட்டிக்கினு தூங்கியிருப்பேன்" என்பார். ஆர்.சி. புத்தகத்தில் டீசல் இன்ஜினை அவர் ஏற்றவே இல்லை. புத்தகத்தில் பழைய இன்ஜினின் நம்பர்தான் இருந்தது. அந்த நம்பரை மனப்பாடமாக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதன் முடிவில் வருகிற இரண்டு ஆங்கில எழுத்துதான், கம்பெனியே வேகத்துக்கென்று கட்டிய இன்ஜின் என்பதற்கு அடையாளமாம்.

அந்தத் தப்பைச் செய்ததற்கு அப்புறம் மனிதர் எதிலுமே வெளிச் சாமானை அண்டவிடவில்லை. மிக்ஸி ஜாருக்கு வேறு பிராண்ட் மூடி கூடாது. செருப்பு வார் அறுந்தால் தைக்கக் கூடாது. கடைவாய்ப் பற்கள் போன பிறகும் பல் செட் கட்டிக்கொள்ளாமல் முன்பல்லாலேயே மென்றுகொண்டிருந்தார். "கம்பெனி ஃபிட்டிங் போச்சுன்னா போச்சு" என்பார். "அப்போ மூக்குக் கண்ணாடி மட்டும் எப்படி சார்?" என்று ஒரு நாள் மடக்கினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். "அது வெளியே மாட்டறதும்மா. ஆக்சஸரி."

அவருக்குக் குழந்தைகள் இல்லை. மனைவி மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அம்மாள் இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரு நாள் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல நின்றபடியே, கம்பெனிக்காரன் பவரைக் குறைத்து எழுதின கதையை நூறாவது தடவையாக ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"இவரும் அதே ஜாதிதான் கீதா. நாலு தடவை மயக்கம் போட்டு விழுந்திருக்காரு. டாக்டர்கிட்ட ஒரு தடவைன்னு சொல்லிட்டு வந்திருக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயக்கம் போட்டு விழுந்த விஷயமே அப்போதுதான் எனக்குத் தெரியும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொன்னார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுதான் இருக்கிறதாம். நெஞ்சுக்குள் போகிற மின்சாரம் நடுவில் அறுந்து அறுந்து போகிறதாம். காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதிலிருந்து இதயத்துக்கு ஒயர் விட வேண்டும், இல்லாவிட்டால் எந்த நிமிஷம் வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பேஸ்மேக்கர். இவர் முடியாது என்று எழுந்து வந்துவிட்டாராம்.

"வெளி சாமான் உள்ள போவாது" என்றார் அவர், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே.

"சார், விளையாட்டா இது?"

"உனக்குத் தெரியாதும்மா. அந்த இன்ஜின் சும்மா நிக்கும்போது எப்டி இருக்கும் தெரியுமா? சாதா இன்ஜின் மாதிரி சமமா ஓடாது. தடுமாறும். டுபுக்கு டுபுக்கு, அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல, நின்னுட்ச்சுன்னு நினைப்ப, திரும்ப டுபுக்கு. வேகத்துக்குக் கட்டினதுக்கு ஐட்லிங் அப்டித்தான் இருக்கும். ரிப்பேரு இல்ல. கம்பெனிலயே அப்டித்தான். ஆக்ஸிலேட்டர மிதி, சும்மா பிச்சிக்கினு போவும்." என் கையைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்தார். "பாரு. நிக்குது இல்ல? இரு... இரு... வந்துட்ச்சு பாத்தியா?"

என் விரலுக்குக் கீழே ஒரு நொடி ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவருக்கோ முகமெல்லாம் பெருமை. ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மனிதருக்கு நெஞ்சு மட்டும் இவ்வளவு மெதுவாக அடிக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "அது இரும்பு சார். நின்னா திரும்பச் சாவி போடலாம். இதுக்கு எங்க போய்ச் சாவி போடறது?" என்று கத்தினேன். "நீ அந்த சத்தத்தக் கேட்டதில்ல. அதான் பேசற" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் அக்கா மேலே வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கவே இல்லை. "பாத்ரூமுக்குப் போனா கதவைத் தாப்பா போடாதீங்கன்னு சொல்லியிருக்கேன் கீதா. வெளிய நின்னு ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டிருக்கேன். எவ்வளவு நாளைக்கு எண்ணுவேன்? அவரு மனுஷங்க பேச்சைக் கேக்க மாட்டாரு. அந்த இன்ஜின் சொன்னா வேணா கேப்பாரு."

விரக்தியில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. அன்றைக்கே எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில், பெரிய எட்டு சிலிண்டர் அமெரிக்க இன்ஜின் எங்கேயாவது யார் கண்ணிலாவது பட்டிருக்கிறதா என்று கேட்டு ஒரு செய்தி போட்டேன். பத்து நாள் கழித்து, விபத்து வண்டிகளைப் போய்ப் பார்க்கிற சர்வேயர் ஒருவன் படம் அனுப்பினான். கோடம்பாக்கம் பக்கம் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற ஒரு ஷெட். ஷூட்டிங்கில் புயல் அடிக்க வைக்கிற ராட்சச ஃபேன் ஒன்று; அதற்குப் பின்னால், அதைச் சுழற்ற, இரும்புச் சட்டத்தில் எட்டு சிலிண்டர் இன்ஜின். 'இதுவா பாருங்க மேடம்' என்று எழுதியிருந்தான்.

போனை அவரிடம் காட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் அசையாமல் நின்றார்.

"ஒரு கண்டிஷன்" என்றேன். "நம்பர் ஒத்துப் போச்சுன்னா நேரா டாக்டர்கிட்ட போய்ப் பெட்டிய வெச்சுக்கணும். ஒத்துக்கிட்டாத்தான் அட்ரஸ்."

"சரி."

"அக்கா மேல சத்தியமா?"

"சரின்னு சொன்னேன் இல்ல! அட்ரஸக் குடு."

மறுநாள் காலையிலேயே ஆட்டோ பிடித்துப் போனோம். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட சாலையில் ஆட்டோ நகரவே இல்லை. இவர் தலையை வெளியே நீட்டி, பக்கத்து வண்டிக்காரர்களிடமெல்லாம் உன் கிளட்ச் தேய்ந்துவிட்டது, உன் சைலன்சர் ஓட்டை என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவன் திட்டினான். இவர் காதில் வாங்கவே இல்லை.

ஷெட்டின் சொந்தக்காரர் ஐம்பது வயது பாய். நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "எங்கப்பா புதுப்பேட்டைல வாங்கினது சார். பாத்துக்குங்க" என்று ஒதுங்கி நின்றார். இன்ஜினின் முன்பக்கம் நம்பர் பொறித்த இடத்தில் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடந்தது. நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆபீஸில் ஆயிரம் வண்டிக்குச் செய்த மாதிரி, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணாகத் தாளில் எழுந்து வந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். நான் பென்சிலை நிறுத்துவதற்குள் கடைசி இரண்டு எழுத்தையும் சொல்லிவிட்டார். இரண்டும் சரி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவுக்கு உடனே போன் செய்யலாமென்று பையைத் திறந்தேன்.

"ஸ்டார்ட் பண்ணு பாய்" என்றார் அவர்.

பாய் சாவியைத் திருப்பினார். ஒரே தட்டு, பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. ஆனால் சத்தம் ஒரே சமமாக வந்தது. தடுமாற்றம் இல்லை, இடைவெளி இல்லை. அவர் முகம் சுருங்கிக்கொண்டே போவதை நான் பார்த்தேன்.

"இது இல்ல" என்றார்.

"சார், நம்பர் ஒத்துப் போயிடுச்சு சார்!"

"நம்பரு அதுதான். இது அது இல்ல. பாய், உள்ள இன்னாத்த மாத்தின?"

பாய் இன்ஜினை அணைத்தார். "கேம் ஷாஃப்ட்டு சார். வால்வத் தொறந்து மூடுமே, அந்தத் தண்டு. எங்கப்பா மாத்தினாரு. உங்க இன்ஜின் நல்ல இன்ஜின்தான், இல்லன்னு சொல்லல. ஆனா சும்மா நிக்கும்போது தடுமாறிக்கினே இருக்கும், அப்டியே ஆஃப் ஆயிடும். டைரக்டரு ரெடின்னுவாரு, மழைக் குழாயத் தொறந்துடுவாங்க, நூறு பேரு நனைஞ்சிக்கினு நிப்பாங்க, ஃபேனு நின்னு பூடும். எத்தினி தபா திட்டு வாங்கறது? அப்பா அந்தத் தண்ட எடுத்துட்டு வேற போட்டாரு. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் நின்னதில்ல."

"வெளி சாமான்."

"வெளி சாமான்தான் சார். அது மட்டும் இல்லன்னா இது எப்பவோ காயலான் கடைக்குப் போயிருக்கும்."

வாங்கிக்கொள்கிறீர்களா என்று பாய் கேட்டதற்கு அவர் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே நடந்தார். ஆட்டோவில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தீர்களே, நம்பர் ஒத்துப்போனதா இல்லையா, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "எனக்கு அந்த சத்தம் கேக்கல. கண்டிஷன் கேன்சல்" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. சுயநலம் பிடித்த மனிதர் நீங்கள், அக்காவைக் கொல்லுகிறீர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். பனகல் பார்க் சிக்னல் வரைக்கும் திட்டியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் அவர் தலை என் தோளில் சாய்ந்து கிடக்கிறது. முதலில் வேண்டுமென்றே நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன், பாவி.

ஆட்டோக்காரர் புண்ணியவான். எதிர்ப்பக்கமாகவே வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இருபது நிமிஷத்தில் அக்கா வந்தார். டாக்டர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். உடனே பெட்டியை வைத்தாக வேண்டும், அவருக்கு நினைவில்லை, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "அவரு வேணாம்னாரே கீதா." நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அக்கா கண்ணை மூடித் திறந்து, கையெழுத்தைப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

நினைவு வந்ததும் அவர் கை முதலில் போனது நெஞ்சில் இருந்த கட்டுக்குத்தான்.

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்" என்றார் அக்கா.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று வாரம் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தால் மாடிப்படியிலேயே திரும்பிப் போய்விடுவார். அக்கா தினமும் வந்து என்னிடம் கேட்பார், "நான் செஞ்சது தப்பா கீதா?" இல்லை அக்கா என்று தினமும் சொல்வேன். அவருக்கு அது போதவில்லை என்று தெரிந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் அவரே என் வீட்டு மணியை அடித்தார். கையில் ஆர்.சி. புத்தகம். "இத்தினி வருஷமா அந்த டீசல் இன்ஜின் ஓடிக்கினு கீது. அதோட நம்பர இதுல ஏத்தணும். உனக்கு ஃபாரமெல்லாம் தெரியுமே, எழுதிக் குடு" என்றார். அன்றைக்குத்தான் அக்காவிடம் காப்பி கேட்டாராம். கேட்ட அதிர்ச்சியில் பாலைப் பொங்கவிட்டேன் என்று அக்கா சொன்னார்.

அதற்காகத் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியோடு வாழ்ந்த ஆறு வருஷமும் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். "அறுபதுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குதும்மா. போரடிக்குது." செக்கப்புக்குப் போன இடத்தில், கம்ப்யூட்டரை வைத்துப் பெட்டியைச் சோதிக்கிற பெண்ணிடம், ஐட்லிங்கைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். மாதத்துக்கு ஒரு தடவை பாயின் ஷெட்டுக்குப் போய், அந்த இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வருவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஓடுது" என்பார். எங்கள் தண்ணீர் மோட்டார் மூடியைத் திறப்பதையும் விடவில்லை.

கடைசியில் நெஞ்சால் அவர் போகவில்லை. காய்ச்சலில் ஆரம்பித்து நுரையீரலில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, ஒரு மத்தியான வேளையில் போனார். பக்கத்தில் அக்காவும் நானும் இருந்தோம். அக்கா அழவில்லை. சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்து, தயங்கித் தயங்கி, "எரிக்கப் போறீங்களாம்மா, புதைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"பெசன்ட் நகர் மயானம். எரிக்கத்தான்."

"அப்போ பேஸ்மேக்கர எடுத்துடணும்மா. சூட்டுல வெடிச்சிடும். இதுல ஒரு கையெழுத்து."

அக்கா ஃபாரத்தை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தார். "அன்னைக்கும் அவரைக் கேக்காமத்தான் போட்டேன். இன்னைக்கும் அப்படித்தான்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எடுத்ததை என்கிட்ட குடுங்க" என்றார். அது வழக்கமில்லையே என்று டாக்டர் ஆரம்பித்தார். "ஆறு வருஷம் அவரு நெஞ்சுல கை வெச்சுப் பாத்துட்டுத் தூங்கினவ நான். குடுங்க" என்றார் அக்கா. பள்ளிக்கூடத்தில் பேசியிருப்பாரே, அந்தக் குரலில்.

அரைமணி நேரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் வந்தது. தீப்பெட்டி அளவுகூட இல்லை. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது இப்போ நின்னு போச்சா டாக்டர்?"

"இல்லம்மா. பேட்டரி இன்னும் நாலஞ்சு வருஷம் வரும். அது பாட்டுக்குத் துடிப்பு அனுப்பிட்டுத்தான் இருக்கும்."

அக்கா விரல்களை மூடிக்கொண்டார். மூடிய கையை என் முன்னால் நீட்டினார்.

"பாத்தியா கீதா? நான் போட்டது இன்னும் ஓடுது. இவருதான் நின்னுட்டாரு."

அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தார்.